சூதாடியைத் தண்டித்துவிட்டால் கதை முடிந்துவிடுமா?

கல்லுக்கட்டி வாசகன்:

சிறுகதைகளில் சூதாட்டமும் பண ஆசையும் எப்படி வருகின்றன என்று பேசத்தான் இந்த இழை. என் குறையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் பத்திரிகைக் கதைகளில் சீட்டாடுகிறவன் ஒருவன் வந்தால் இரண்டாம் பக்கத்தில் மனைவியின் சங்கிலி அடகுக்குப் போகும், மூன்றாம் பக்கத்தில் பிள்ளைக்கு ஃபீஸ் கட்டப் பணம் இருக்காது, கடைசியில் அவன் திருந்துவான், இல்லையென்றால் செத்துப்போவான். எழுதியவர் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் அந்த மனிதன் மறுநாளும் ஏன் போய் உட்கார்ந்தான் என்பது கதையில் எங்கேயும் இருக்காது. அது தெரியாமல் அந்தக் கதையை நான் எதற்குப் படிக்க வேண்டும்?

வள்ளுவர் இதைவிடத் தெளிவாகப் பார்த்திருக்கிறார். சூது அதிகாரத்தின் முதல் குறள் தோற்றவனைப் பற்றியே இல்லை. 'வேண்டற்க வென்றிடினும் சூதினை வென்றதூஉம் தூண்டில்பொன் மீன்விழுங்கி அற்று.' ஜெயித்தவனைப் பார்த்துத்தான் அவர் பயப்படுகிறார். அதே அதிகாரத்தின் கடைசிக் குறள், இழக்க இழக்கத்தான் சூதின் மேல் காதல் கூடும் என்கிறது. அவன் மறுநாளும் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. நம் கதைக்காரர்கள் தோல்வியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

ஜெயிப்பதன் பயங்கரத்தை எழுதியவர் என்றால் எனக்கு டி. எச். லாரன்ஸ்தான். 1926-ல் வந்த கதை. ஆடுகுதிரைப் பொம்மையில் ஏறி வெறிபிடித்தாற்போல் ஆடி ஆடி, எந்தப் பந்தயக் குதிரை ஜெயிக்கும் என்று கண்டுபிடிக்கிற சிறுவன் பால். அவன் சூதாடுவது தனக்காக இல்லை. அந்த வீட்டுச் சுவர்கள் 'இன்னும் பணம் வேண்டும், இன்னும் பணம் வேண்டும்' என்று முணுமுணுப்பது பிள்ளைகள் காதில் விழுகிறது, அதை நிறுத்த வேண்டும் என்றுதான் ஆடுகிறான். அம்மாவுக்கு ஐயாயிரம் பவுண்டு போய்ச் சேர ஏற்பாடு செய்கிறான். சேர்ந்த பிறகு முணுமுணுப்பு நிற்கவில்லை, வெறிகொண்டு கூடுகிறது. அந்த இடத்தில்தான் கதை உயிர் பெறுகிறது. பையன் சாவது அதற்குப் பிறகு நடக்கிற ஒரு காரியம், அவ்வளவே.

செட்டிநாட்டில் வளர்ந்த எனக்கு அந்த வீடு இங்கிலாந்தில் இருப்பதாகத் தோன்றவே இல்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீள்கிற வீடுகள், பர்மாத் தேக்கு, ஆத்தங்குடிக் கல், இருபது முப்பது பங்காளிகளுக்குச் சொந்தம், மழைக்கு ஓடு மாற்றக்கூட எல்லோரும் பேசி முடிவு செய்ய வேண்டும். பணம் இருந்த காலத்தின் அளவுக்குக் கட்டிய வீட்டில், பணம் போன பிறகு குடியிருப்பவர்களுக்கு அந்த முணுமுணுப்பு கேட்கும். நம் ஊரை வைத்து இப்படி ஒரு கதையை யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள்.

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, ஜெயித்தவனை எழுத வேண்டும் என்று சொன்னீர்கள், சரிதான். ஆனால் நீங்களும் ஆடுகிறவன் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். லாரன்ஸ் அந்தத் தாயைப் பணத்தாசை பிடித்தவளாக, நெஞ்சு கல்லானவளாகத்தான் எழுதினார். அவளுக்கு ஏன் பயம் என்று உள்ளே போய்ப் பார்க்க அவருக்குப் பொறுமை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

செகாவின் 'லாட்டரிச் சீட்டு' படித்துப் பாருங்கள், 1887. நாலைந்து பக்கம்தான். சீட்டு மனைவியுடையது, இதை மறந்துவிடக் கூடாது. செய்தித்தாளில் 9499 என்ற வரிசை எண் ஒத்துப்போகிறது, சீட்டின் எண் 26. அது இருக்கிறதா என்று உடனே பார்க்காமல் கணவன் கொஞ்ச நேரம் ஆசையை அனுபவிக்கலாம் என்கிறான். பண்ணை வீடு, வெளிநாட்டுப் பயணம் என்று கனவு காண்கிறான். அப்புறம் மெல்ல, இந்தப் பணம் அவளுடையதாயிற்றே, பயணத்துக்கு இவளும் வருவாளே, ஒவ்வொரு காசுக்கும் கணக்குக் கேட்பாளே என்று தோன்ற ஆரம்பிக்கிறது. அவள் கிழவியாகிவிட்டாள் என்பது அப்போதுதான் முதல்முறையாக அவன் கண்ணில் படுகிறது. அவளும் அவன் மனத்தைப் படித்துவிடுகிறாள். கடைசியில் எண் 46. பரிசு இல்லை. இரண்டு பேரும் அதே அறையில், அதே சாப்பாட்டோடு, ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டுவிட்ட பிறகு வாழ வேண்டும். ஒரு காசு இழக்கவில்லை, யாரும் சாகவில்லை, ஆனால் அந்தக் குடும்பம் இனிப் பழையபடி ஆகாது.

அதோடு நம் பாஞ்சாலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சூதாட்ட மண்டபத்தில் சரியான கேள்வி கேட்டவள் அவள் ஒருத்திதான். தன்னை முதலில் தோற்றுவிட்டு என்னை வைத்தாரா, என்னை வைத்த பிறகு தன்னைத் தோற்றாரா என்று. பெரியவர்கள் இருந்த சபையில் பீஷ்மர்கூட நேராகப் பதில் சொல்லவில்லை. தன் பொருள் எது, மனைவியின் பொருள் எது என்ற அந்தக் கேள்வி நம் வீடுகளில் இன்றைக்கும் நிற்கிறது. கல்யாணத்தில் வந்த வெள்ளி, வைரத்தோடு எல்லாம் எங்களுக்கு எழுதிக்கொடுத்த சாமான் பட்டியலில் இருக்கும். ஆனால் அடகுக் கடைக்குப் போகும்போது பட்டியலை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

ஐந்தொகை:

வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியவன், அந்தப் பார்வையில்தான் சொல்ல முடியும். புஷ்கினின் ஸ்பேட் ராணிக் கதையை யாரும் எடுக்கவில்லையே. 1834-ல் வந்தது, இன்னும் பழசாகவில்லை. ஹெர்மன் என்ற பொறியாளன். விடிய விடிய மற்றவர்கள் சீட்டாடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான், தான் மட்டும் ஒரு ஆட்டம்கூட ஆடமாட்டான். தேவைக்கு மேலே கிடைக்கப்போவதற்காகத் தேவையானதை வைத்து ஆட எனக்கு வசதி இல்லை என்பான். கணக்கு, நிதானம், உழைப்பு, இவைதான் என் மூன்று சீட்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது, ஏனென்றால் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் வட்டிக்கடையில் வேலை பழகும் பெட்டியடிப் பையன்களாகப் போன நம் செட்டியார் முன்னோருக்கு வீட்டில் சொல்லி அனுப்பியது இதே மூன்றைத்தான்.

அப்படிப்பட்டவன்தான் கிழவிச் சீமாட்டியின் ரகசியம் காதில் விழுந்ததும் மாறுகிறான். மூன்று, ஏழு, ஏஸ் என்று மூன்று நாள் மூன்று சீட்டு. முதல் நாள் ஜெயிக்கிறான், இரண்டாம் நாள் ஜெயிக்கிறான், மூன்றாம் நாள் ஏஸ் எடுத்ததாக நினைத்து ஸ்பேட் ராணியை எடுத்துவிடுகிறான். சேர்த்து வைத்த சொத்து அத்தனையும் போய்ப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் முடிகிறது. புஷ்கின் ஊதாரியை விட்டுவிட்டுச் சிக்கனக்காரனைத் தேர்ந்தெடுத்ததில்தான் அவர் பெரிய எழுத்தாளர் என்று நினைக்கிறேன். ஊதாரிக்கு ஆட்டம் வெறும் பொழுதுபோக்கு, காலையில் போய்த் தூங்கிவிடுவான். சிக்கனக்காரனுக்கோ நிச்சயம் வேண்டும். நிச்சயமாக ஜெயிக்கிற வழி என்று ஒன்றைக் காட்டினால் அவன்தான் முழுசாக விழுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வட்டித் தொழிலையும் சூதாட்டத்தையும் ஒன்றாக்கி எழுதுகிற கதைகள் எனக்குப் பிடிப்பதில்லை. சூதாடுகிறவனுக்கு எதிராளி தோற்க வேண்டும். கடன் கொடுத்தவனுக்கோ வாங்கியவன் நன்றாக இருக்க வேண்டும், அப்போதுதான் முதல் திரும்பும். இந்த வித்தியாசம் தெரியாதவர் லேவாதேவியைப் பற்றி எழுதக் கூடாது.

செக்காலை ரோடு:

எல்லோரும் நீதிக் கதையை ஒரே போடாகப் போடுகிறீர்கள், அதற்கும் ஒருவன் பேச வேண்டும் இல்லையா. தமிழ்நாட்டு அரசே 1968-ல் லாட்டரி ஆரம்பித்தது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று சொல்லி விற்ற சீட்டு. 2003-ல் தடை வரும் வரைக்கும் பஸ் ஸ்டாண்ட் வாசலில் கலர் கலராகத் தொங்கிய சீட்டுகளை நானே பார்த்திருக்கிறேன். கூலி வாங்கிய கையோடு நாலு சீட்டு, ரிசல்ட் பேப்பருக்குக் கூட்டம். அந்தக் காலத்தில் ஒரு எழுத்தாளர் வாரப் பத்திரிகையில், இதில் போனால் குடும்பம் அழியும் என்று பச்சையாக எழுதியதை நான் குறை சொல்லமாட்டேன். படித்தவர்களில் ஒரு சிலராவது சீட்டு வாங்குவதை நிறுத்தியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

டால்ஸ்டாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1886-ல் எழுதிய நிலக் கதை முழுக்க நீதிதான். ஆயிரம் ரூபிள் கொடுத்தால் ஒரு நாளில் நடந்து சுற்றி வருகிற நிலமெல்லாம் உனக்கு, ஆனால் சூரியன் மறைவதற்குள் கிளம்பிய இடத்துக்குத் திரும்பிவிட வேண்டும். பாஹோம் என்ற விவசாயி ஓடி ஓடி வந்து சேர்ந்து விழுந்து சாகிறான், புதைக்க ஆறடி போதுமாகிவிடுகிறது. இதைவிட அப்பட்டமான நீதி உண்டா? உலகமே கொண்டாடவில்லையா?

கல்லுக்கட்டி வாசகன்:

அண்ணே, அந்தக் கதையை நான் எத்தனையோ முறை படித்திருக்கிறேன், எனக்கு அந்த ஆறடி மனத்தில் தங்கவே இல்லை. தங்கியது மத்தியானம்தான். பாஹோம் திரும்ப வேண்டிய நேரத்தில் ஈரமான ஒரு பள்ளத்தைப் பார்க்கிறான், இதில் சணல் நன்றாக வருமே, இதை விட மனம் வருமா என்று இன்னும் கொஞ்சம் தள்ளி நடக்கிறான். அந்த இடத்தில் அவன் பேராசைக்காரனாக இல்லை, நல்ல விவசாயியாக இருக்கிறான். மண்ணைப் பார்த்து மதிப்புப் போடத் தெரிந்தவன் அவன், அந்தத் திறமைதான் அவனை இழுத்துக்கொண்டு போகிறது. நானும் கூடவே நடந்தேன், நானும் அந்தப் பள்ளத்தை விட்டிருக்கமாட்டேன். கடைசி வரி இல்லாவிட்டாலும் அந்தக் கதை நிற்கும். அந்தப் பள்ளத்தை எடுத்துவிட்டால் நிற்காது.

ஐந்தொகை ஐயா, நீங்கள் சொன்ன வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் பாதிதான். பர்மாவில் 1930-க்குப் பிறகு நெல் விலை விழுந்ததும் கடன் வாங்கிய குடியானவர்களால் கட்ட முடியவில்லை, நிலம் நம்மவர்கள் பெயருக்கு வந்தது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் 6 சதவீத நிலம் செட்டியார்கள் கையில், 1938-ல் 25 சதவீதம். கேட்டு வாங்கிய நிலம் இல்லை, பணமாகத் திரும்ப வேண்டியது மண்ணாகத் திரும்பியது. அதெல்லாம் சரிதான். ஆனால் நிலத்தை இழந்த பர்மியனிடம் போய், நீ நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் கொடுத்தோம் என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? அவனுக்கும் ஒரு கதை இருக்கிறது, அதைத் தமிழில் நாம் எழுதியிருக்க வேண்டும்.

ஐந்தொகை:

நியாயம்தான் தம்பி. அந்த எட்டு வருஷத்தை வைத்து ஒருவர் கதை எழுதினால் நான் முதல் ஆளாகப் படிப்பேன். ரங்கூன் கடையை நடத்துகிற முதலாள் பேரேட்டில் ஏக்கர் ஏக்கராக வரவு எழுதுகிறான், ஊரில் கடிதம் பார்க்கிறவர்களுக்கு நாம் ஜமீன் ஆகிவிட்டோம் என்று நினைப்பு, அவனுக்கு மட்டும் தெரியும் இதில் ஒரு ஏக்கரையும் அன்றைய நிலவரத்தில் நல்ல விலைக்குத் தள்ள முடியாது என்று. 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லோரும் ஓடி வந்தார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு பர்மா அரசு நிலத்தை எடுத்துக்கொண்டது. ஐந்தொகையில், அதாவது சொத்தும் கடனும் காட்டுகிற கணக்கில், சொத்தாக இருந்தது கையில் எப்போதுமே இல்லை. சீட்டைத் தொடாமலே ஒருவன் இப்படி நிற்க முடியும் என்பதை எழுத வேண்டும். சிங்கம்புணரிக்காரரான ப. சிங்காரம் கடல் கடந்த வட்டிக்கடை வாழ்க்கையை நாவலாக எழுதினார், அதில் கடைப் பையன்களின் பேச்சும் நடப்பும் அப்படியே இருக்கும். சிறுகதையில் அந்த அளவுக்கு உள்ளே போனதை நான் படித்ததில்லை.

பள்ளத்தூர்க்காரன்:

பெரியவர்கள் பேசுவதைப் படித்துக்கொண்டே இருந்தேன். என் வயசுக்காரர்களின் சூதாட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி. இப்போது சீட்டு இல்லை, திண்ணை இல்லை, ஃபோன்தான். 2022-ல் தமிழ்நாடு சட்டம், அதில் ரம்மிக்கும் போக்கருக்கும் கோர்ட் விலக்கு, அப்புறம் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடுகிற ஆன்லைன் விளையாட்டு அத்தனைக்கும் நாடாளுமன்றத்தில் தடை. சட்டம் வந்து போவதைப் பற்றி நான் பேச வரவில்லை. என் கூடப் படித்தவன் ஒருவன் இதில் சிக்கினான். பக்கத்து அறையில் அம்மா அப்பா தூங்குவார்கள், இவன் போர்வைக்குள் ஆடிக்கொண்டிருப்பான். முதல் வாரம் ஜெயித்த இரண்டாயிரம் உடனே அக்கவுண்டுக்கு வந்துவிட்டது, அதுதான் அவனைப் பிடித்தது. நீங்கள் சொன்ன குறள் அப்படியே. அப்புறம் கடன் தருகிற ஆப், அதை அடைக்க இன்னொரு ஆப்.

இதைக் கதையாக எழுத முயன்றேன், நகரவே இல்லை. ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டெஃபான் ஸ்வைக் மாண்டி கார்லோ மேஜையில் சூதாடுகிறவர்களின் கைகளை மட்டும் பார்த்துப் பக்கம் பக்கமாக எழுதினார், ஏனென்றால் அங்கே கைகள் துடிக்கும். ஃபோனில் கட்டைவிரல் மட்டும்தான் அசைகிறது. எதிரே ஆள் இல்லை, முகம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் சூதாடுகிற பிள்ளையும் ஒரே மாதிரி இருக்கிறார்கள். எங்கே கேமராவை வைப்பது?

தேவகோட்டை ஆச்சி:

தம்பி, அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்றால் அவன் அம்மா முகத்தைப் பாருங்கள். நீங்களே சொல்லிவிட்டீர்கள், படிக்கிற பிள்ளை என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கிறாள். ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து பால் காய்ச்சிக் கொண்டுபோய் வைப்பாள். கதை அங்கே இருக்கிறது.

ரோல்ட் டாலின் ஒரு கதை. வெயில் அடிக்கிற ஒரு ஹோட்டல் நீச்சல் குளம், ஒரு கிழவர் இளைஞனிடம் பந்தயம் கட்டுகிறார். உன் சிகரெட் லைட்டர் தொடர்ந்து பத்து முறை பற்றினால் என் காடிலாக் கார் உனக்கு, ஒரு முறை தவறினாலும் உன் சுண்டுவிரலை வெட்டி எடுத்துக்கொள்வேன். எட்டு முறை பற்றியதும் கிழவரின் மனைவி வந்து நிறுத்துகிறாள். இவரிடம் கார் ஏது, ஒன்றுமே கிடையாது, எல்லாவற்றையும் எப்போதோ நான் இவரிடமிருந்து ஜெயித்துவிட்டேன் என்கிறாள். சாவியை எடுக்க நீட்டுகிற கையில் கட்டைவிரலும் ஒரு விரலும் மட்டும் இருக்கின்றன. நான் படித்த சூதாட்டக் கதைகளில் ஒரு பெண் உட்கார்ந்து ஆடி, ஜெயித்து, வீட்டை மீட்டது அந்த ஒன்றில்தான். என்ன விலை கொடுத்து மீட்டாள் என்று டால் விளக்கவில்லை, கையைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மாப்பசானின் நெக்லஸ் கதையைச் சொல்லாமல் விட்டீர்கள், நான் சொல்கிறேன். எல்லோரும் அந்தக் கடைசி வரிக்காகக் கொண்டாடுகிறார்கள், அட போலி நகையா என்று. எனக்கு அந்தத் திருப்பம் இரண்டாம் பட்சம். முப்பத்தாறாயிரம் பிராங்க் நகைக்காக வாங்கிய கடனை அடைக்க அவள் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்து, தண்ணீர் தூக்கிப் படியேறி, காய்கறிக் கடையில் பேரம் பேசி நகம் தேய்ந்து போனாளே, அதை ஒரே பக்கத்தில் ஓட்டிவிட்டார். ஒரு பெண் எழுதியிருந்தால் அந்தப் பத்து வருஷம்தான் கதை, நகை ஒரு பத்தி.

செக்காலை ரோடு:

ஆச்சி சொல்வதை ஏற்கிறேன். ஆனால் ஒரு சந்தேகம். சூதாடியை உள்ளே போய்ப் புரிந்துகொண்டு எழுதினால், படிக்கிறவன் அவன் மேல் இரக்கப்பட்டு, கடைசியில் ஆட்டத்தையே ரசிக்க ஆரம்பித்துவிடமாட்டானா? அந்த ஆபத்து உண்மையானது.

கல்லுக்கட்டி வாசகன்:

உண்மையானதுதான் அண்ணே. அந்த ரசனை கொஞ்சம் இருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். சீட்டைப் பிரிக்கிற அந்த நொடியில் வாசகனுக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டால்தான் தனக்குள்ளும் அது இருக்கிறது என்று தெரியும். மகாபாரதம் இதற்கு அஞ்சவில்லை. வனத்தில் தருமனுக்கு நளன் கதையைச் சொல்லித் தேற்றிய முனிவர், கிளம்பும் முன் சூதாடும் வித்தையையும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறார். நளனும் அந்த வித்தை தெரிந்த பிறகு மறுபடி ஆடித்தான் நாட்டை மீட்கிறான். தருமனோ அஞ்ஞாதவாசத்தில் விராடனிடம் சூதாட்டத் துணையாகவே வேலைக்குப் போகிறான். எதை வைத்து எல்லாம் போயிற்றோ அதையே வைத்துச் சாப்பாடு. அவனைத் திருத்தி ஓரமாக உட்கார வைக்க அந்தக் கதை அவசரப்படவில்லை. நமக்கு மட்டும் ஏன் நாலு பக்கத்துக்குள் அவனைத் திருத்திவிட வேண்டும் என்று இவ்வளவு அவசரம்?

பள்ளத்தூர்க்காரன்:

அம்மா பக்கத்திலிருந்து எழுதிப் பார்க்கிறேன் ஆச்சி. ஆனால் ஒன்று, அவள் கண்டுபிடிக்கிற காட்சி எனக்கு வேண்டாம் என்று தோன்றுகிறது. கண்டுபிடித்து அழுதால் பழைய கதைதான் ஆகும். அவள் அறியாமலே வீட்டில் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு போக வேண்டும். சிலிண்டர் புக் பண்ணத் தள்ளிப்போடுவது, தங்கச்சியின் டூர் பணம், அப்பத்தாவின் வெள்ளிக் கும்பா பரணில் இல்லாதது. அந்தக் கும்பா காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடை ஒன்றில் இருக்கிறது என்று வாசகருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

ஐந்தொகை:

நல்ல யோசனை. எதிரே ஆள் இல்லை என்று முன்பு சொன்னாய், அதற்கும் ஒரு வழி சொல்கிறேன். ஆட்டத்தில் யார் ஜெயித்தாலும் தோற்றாலும், ஆட இடம் கொடுத்தவனுக்கு ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒரு பங்கு போகும். பழைய காலத்தில் வீட்டைக் கொடுத்தவனுக்குப் போயிற்று, இப்போது கம்பெனிக்குப் போகிறது. அவன்தான் எதிராளி, அவன் ஒருபோதும் சீட்டைத் தொடமாட்டான். அவனுக்கு முகம் கொடுக்காதே. பணம் கழிந்ததாக வருகிற மெசேஜ் மட்டும் வரட்டும், நேரம் போட்டு.

தேவகோட்டை ஆச்சி:

இவ்வளவு பேசிய பிறகு நானும் எழுதாமல் இருந்தால் நியாயமில்லை. அடகுக் கடையில் நகையை உரைத்துப் பார்த்து எடை போடுகிறவரின் பார்வையில் ஒன்று எழுதப்போகிறேன். ஒரே வீட்டிலிருந்து மாமியாரும் மருமகளும் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாமல் வருகிறார்கள். இரண்டு பேரும் ஒரே ஆளின் கடனுக்காக. அவருக்கு இருவரையும் தெரியும், சொல்லக் கூடாது.

கல்லுக்கட்டி வாசகன்:

கட்டாயம் எழுதுங்கள் ஆச்சி, முடித்ததும் இங்கேயே போடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். தொகையை எழுதாமல் விட்டுவிடாதீர்கள். நம் கதைகளில் நகை அடகுக்குப் போகும், ஆனால் எத்தனை பவுன், என்ன வட்டி, எந்த மாதம் மூழ்கிப்போனது என்று இருக்காது. செகாவ் 9499 என்று எண் போட்டார், புஷ்கின் 47 ஆயிரம் ரூபிள் என்று எழுதினார், மாப்பசான் 36 ஆயிரத்தைத் தலையில் ஏற்றினார். உங்கள் மதிப்பீட்டாளர் அந்த இரண்டு பெண்களின் முகத்தையும் தராசில் வருகிற கிராம் கணக்கையும் ஒரே நேரத்தில் பார்க்கிறவர், அதனால் இரண்டும் கதையில் வர வேண்டும். ரசீது எப்படி எழுதுவார்கள், வட்டி எப்படிக் கழிப்பார்கள் என்று சந்தேகம் வந்தால் ஐந்தொகை ஐயாவைக் கேளுங்கள்.